லிட்டில்ஃபீல்டு படைவாகனத் தொகுப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் போர்ட்டோலா வேலி என்னும் ஊரின் மலைச்சரிவில் ஜாக் லிட்டில்ஃபீல்டு (1949–2009) உருவாக்கிய இத்தொகுப்பு, தனிமனிதர் ஒருவர் திரட்டிய படைவாகனத் தொகுப்புகளுள் உலகின் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக இருந்தது. 1970களில் வாங்கப்பட்ட வேவு வண்டி ஒன்றிலிருந்து வளர்ந்த இதில், சங்கிலிப் பட்டைகளின்மேல் ஊரும் கவசப் போர்வண்டிகளான டாங்கிகள் உட்பட, 200க்கும் மேற்பட்ட வாகனங்கள் இருந்தன. நாள்தோறும் திறந்திருக்கும் அருங்காட்சியகமாக இது இயங்கவில்லை. முன்னரே இசைவு பெற்று வரும் ஆர்வலர்களைத் தன்னார்வ வழிகாட்டிகள் கொட்டகை கொட்டகையாக அழைத்துச் சென்று, ஒவ்வொரு வாகனத்தின் அமைப்பையும் போர்க்களப் பயன்பாட்டையும் விளக்கினர். வளாகத்திலேயே இருந்த பணிமனையே இதன் உண்மையான பெருமை எனலாம். போலந்தில் ஆற்றுக்குள் மூழ்கிக் கிடந்து மீட்கப்பட்ட ஜெர்மானியப் பாந்தர் டாங்கி, பல ஆண்டு உழைப்பால் அங்கே மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. நிறுவனரின் மறைவுக்குப்பின் தொகுப்பு காலிங்ஸ் அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டது. 2014இல் வாகனங்களுள் பெரும்பகுதி ஏலத்தில் விற்கப்பட்டுச் சிதறியது வரலாற்று ஆர்வலர்க்குப் பேரிழப்பேயாகும். எஞ்சியவற்றுள் பல, பாந்தர் உட்பட, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2019இல் திறக்கப்பட்ட அமெரிக்கன் ஹெரிடேஜ் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றுள்ளன.