காட்டுப் புகையிலை

காட்டுப் புகையிலை, வட அமெரிக்காவின் மேற்கே வறண்ட மலையடிவாரங்களிலும் மணற்பாங்கான ஓடைப்படுகைகளிலும் தானாக முளைக்கும் ஒருபருவச் செடி. தாவரவியல் பெயர் நிக்கோட்டியானா அட்டெனுவாட்டா. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. திண்டுக்கல்லிலும் யாழ்ப்பாணத்திலும் பயிராகும் புகையிலையும் இதே பேரினம்தான். கனடாவின் தென்மேற்கிலிருந்து வடமெக்சிகோ வரை காணப்படும். யூட்டா, நெவாடா மாநிலங்களில் பரந்துள்ள கிரேட் பேசின் வறள்நிலத்தில் இது மிகுதி.

அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வளரும். தண்டிலும் இலையிலும் பிசுபிசுப்பான மயிர்கள் இருக்கும். வெண்ணிறக் குழல்பூக்கள் அந்தியில் விரியும்.

இதன் விதைகள் பல பத்தாண்டுகள்கூட மண்ணில் உறங்கிக் கிடக்கும். காட்டுத்தீ பரவி, புகையிலுள்ள வேதிப்பொருள்கள் மண்ணில் இறங்கினால்தான் பெரும்பாலான விதைகள் விழிக்கும். போட்டிச் செடிகள் கருகிப்போன சத்துள்ள நிலம் கிடைக்கிறது. ஆனால் அங்கே எந்தப் பூச்சி வந்து சேரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே ஆயுதத்தை நம்பி இச்செடி பிழைக்க முடியாது.

இலையைப் பூச்சி கடித்ததும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. வேர்கள் நிக்கோட்டின் நஞ்சைக் கூடுதலாகத் தயாரித்து மேலே அனுப்புகின்றன. கால்நடைக்கும் பெரும்பாலான பூச்சிகளுக்கும் இது ஆகாது. அந்துப்பூச்சி ஒன்றின் இளம்பருவமான கொம்புப்புழுவுக்கோ நிக்கோட்டின் ஒரு பொருட்டல்ல. அதன் எச்சிலை அடையாளம் காணும் செடி, காற்றில் ஒரு வாசனையைப் பரப்புகிறது. அதை மோப்பம் பிடித்து வரும் ஜியோகோரிஸ் என்ற சின்னஞ்சிறு வேட்டைப்பூச்சி, புழுவின் முட்டைகளையும் குஞ்சுப்புழுக்களையும் உறிஞ்சிக் கொல்கிறது. இந்த வாசனையால் செடியைத் தின்னும் பூச்சிகளின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கு மேல் குறையக்கூடும் என்று ஆந்த்ரே கெஸ்லர், இயன் பால்ட்வின் இருவரும் யூட்டாவில் நடத்திய களஆய்வின் முடிவாக 2001இல் எழுதினர். முட்டையிலிருந்து வெளிவரும் புழு முதலில் மேய்வது இலைமயிர்களில் ஊறும் இனிப்பை. அதைத் தின்ற புழுவின் உடலில் எழும் மணமோ எறும்புகளுக்கு வழிகாட்டிவிடுகிறது.

பெரும் சிக்கல் வேறொன்று. இரவில் மகரந்தம் சுமந்துவரும், கொம்புப்புழுவின் தாயான அந்துப்பூச்சியே இலையில் முட்டையும் இட்டுப் போகிறது. புழுக்கள் பெருகினால் செடி, அதிகாலையில் விரியும், மணம் குறைந்த பூக்களையும் பூக்கிறது என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றை நாடி வருபவை பகலில் பறக்கும் ஓசனிச்சிட்டுகள். முட்டையிடும் தொல்லை அவற்றால் இல்லை.

செர்மனியின் யேனா நகரில் 1996இல் தொடங்கப்பட்ட மேக்ஸ் பிளாங்க் வேதிச்சூழலியல் நிறுவனம் இச்செடியை ஆழமாக ஆராய்ந்தது. இதன் மரபணுத்தொகுதி 2017இல் வெளியானது. ஹோப்பி, நவஹோ உள்ளிட்ட தொல்குடி மக்கள் இதன் இலையை உலர்த்திச் சடங்குகளில் புகைத்துவந்துள்ளனர்.