சீறாவை மீண்டும் ஓதுகையில்

கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளால் தொடங்கப்பெற்று, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவால் அரங்கேறியது சீறாப்புராணம் என்பர். அதனை நம் முன்னோர் ஒருமுறை ஓதி மூடிவைத்தாரல்லர். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய அக்காப்பியத்தின் 5027 பாடல்களும், செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் புலவரின் முயற்சியால் 1842-இல் அச்சேறும்வரை ஏட்டிலும் மக்கள் நாவிலுமே வாழ்ந்தன. ஏடு வைத்திருந்தோர் சிலர். கேட்டே பாடமாக்கியோர் பலர். ஒருவர் இசையோடு பாட, மற்றொருவர் பொருள் விரிப்பார். அறிந்த வரலாறுதான், எனினும் ஆண்டுதோறும் கூட்டம் கூடியது.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ‘ரிஸாலா’வை ஐம்பதாண்டு பார்த்துவந்ததாகவும், பார்க்குந்தோறும் புதிய பயன் பெற்றதாகவும் அவர்தம் மாணவர் இமாம் முஸனீ (ரஹ்) கூறியதாக நூலோர் குறிப்பர். மதரஸாவில் இதனைக் கேட்டபோது, மறதிக்காரர் போலும் என்று நாம் உள்ளுக்குள் நகைத்ததுண்டு!

அவ்வயதில்தான் சீறாவின் நாட்டுப் படலத்தையும் ஓதினோம். அரபு நாட்டில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். ‘மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கென்று திருமறை கூற, இதென்ன புளுகு?’ என வெகுண்டு, ஓரத்தில் பென்சிலால் ‘பிழை’ என்றெழுதினோம். காப்பிய மரபு அறிந்த பின்னர் சினம் தணிந்தது. ஆயின் அப்படலம் இனித்தது அதற்கும் வெகுநாள் கழித்தே. கண்மாய்கள் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில் மறுபடி ஓதினோம். உமறு வாழ்ந்த எட்டயபுரமோ கரிசல், கீழக்கரையோ உவர்மணல். வானம் பார்த்த பூமியில் வாழ்ந்த மனிதர், தம் நாயகம் (ஸல்) பிறந்த மண்ணுக்கு எதைக் காணிக்கையாக்குவார்? தமக்குக் கிட்டாத தண்ணீரைத்தானே!

உறனிக் கூட்டத்தார் படலத்தோடு புலவரின் பாட்டு நின்றுவிடுகிறது. நாயகத்தின் எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். அவ்விடம் வந்ததும் ஓதுவார் குரல் தாழும்; அவையோர் உடனே எழுவதில்லை.

இன்று பொருள் விரிப்போர் அருகிவிட்டனர். பல வீடுகளில் சீறா அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நம் பிரதியைப் பேரன் எடுத்துவந்து, ‘பிழை என்று யார் எழுதியது?’ என்றான். அழிக்கட்டுமா என்றும் கேட்டான். வேண்டாமென்று தடுத்து, அப்படலத்தையே பாடச் சொன்னோம்.