மின் பொருத்துவாய் உத்தரவாதம் (இந்தியா)

மின் பொருத்துவாய் உத்தரவாதம் என்பது, சுவரில் பொருத்தப்படும் மின் பொருத்துவாய் (சாக்கெட்டு) குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதடைந்தால், அதனைப் பெற்றுக்கொண்டு புதியது தருவதாகவோ பணத்தைத் திருப்பித் தருவதாகவோ உற்பத்தியாளர் அல்லது விற்பனையாளர் அளிக்கும் உறுதி ஆகும். பேச்சு வழக்கில் இது வாரண்டி எனப்படுகின்றது. பொருத்துவாய் விலை குறைந்த பொருளாக இருப்பதனால் பலர் இவ்வுரிமையைப் பயன்படுத்துவதில்லை. எனினும், பழுதான பொருத்துவாய் மின்னதிர்ச்சிக்கும் தீ விபத்துக்கும் காரணமாகக் கூடியது என்பதனால் இது பாதுகாப்புடன் தொடர்புடைய ஒன்றாகவும் உள்ளது.

தரமும் வகைகளும்

இந்தியாவில் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு அளவினது. செருகிகளுக்கும் பொருத்துவாய்களுக்குமான இந்தியத் தரம் ஐ.எஸ். 1293 ஆகும். வீடுகளில் பரவலாகப் பயன்படுபவை இரண்டு வகைகள்:

* 6 ஆம்பியர் பொருத்துவாய் - மின்விசிறி, தொலைக்காட்சி, மின்னேற்றி போன்றவற்றுக்கு.
* 16 ஆம்பியர் பொருத்துவாய் - வெந்நீர்க் கொதிகலன் (கீசர்), குளிரூட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கு.

இவை பழைய வழக்கின்படி முறையே 5 ஆம்பியர், 15 ஆம்பியர் பிளக் பாயிண்டு என்றும் அழைக்கப்படுகின்றன. தரச் சான்று பெற்ற பொருளில் ஐ.எஸ்.ஐ முத்திரையும், தர எண்ணும், சி.எம்/எல் எனத் தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இவ்வுரிம எண் உண்மையானதா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

பழுதுகளும் காரணங்களும்

உற்பத்திக் குறைபாடாகக் கொள்ளத்தக்கவை:

* உள்ளிருக்கும் பித்தளைத் தொடுகைகள் விரைவில் தளர்ந்து செருகியைப் பற்றாதிருத்தல்
* பாதுகாப்பு மூடி (சட்டர்) சிக்கிக்கொள்ளுதல்
* கம்பியை இறுக்கும் திருகின் புரி தேய்ந்து சுழலுதல்
* நிலத்தொடுப்புத் தொடுகை (எர்த்) செருகியின் முனையைத் தொடாதிருத்தல்
* இயல்பான பயன்பாட்டிலேயே உறை வெடித்தல் அல்லது உருகுதல்

தளர்ந்த தொடுகையில் மின்தடை கூடுகின்றது. அங்கு தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, 0.1 ஓம் தடையுள்ள தொடுகையில் 6 ஆம்பியர் பாயும்போது 3.6 வாட்டு வெப்பமும், 16 ஆம்பியர் பாயும்போது 25.6 வாட்டு வெப்பமும் உண்டாகும். சிறிய இடத்தில் தொடர்ந்து தோன்றும் இவ்வெப்பம் உறையை உருக்கப் போதுமானது. இதனால் தொடுகை மேலும் தளர்ந்து, தடை மேலும் கூடும்.

மறுபுறம், 2000 வாட்டுக் கொதிகலன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். மாற்றுச் செருகியின் உதவியுடன் அதனை 6 ஆம்பியர் பொருத்துவாயில் இணைப்பது மிகைச் சுமை ஆகும். இதனால் ஏற்படும் பழுது உத்தரவாதத்தில் அடங்காது. நீர் புகுதல், சுண்ணச் சாந்து அல்லது வண்ணம் உட்புகுதல், கம்பியைச் சரியாக இறுக்காமை என்பனவும் பொதுவாக விலக்கப்படுகின்றன.

கருகிய இடம் காரணத்தை ஓரளவு சுட்டும். கருகல் திருகு முனையிலிருந்து தொடங்கியிருப்பின் பொருத்தியவரின் பிழையாகவும், செருகி முனை நுழையும் தொடுகையிலிருந்து தொடங்கியிருப்பின் பொருளின் குறைபாடாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் திருகின் புரி தேய்ந்ததனாலும் திருகு முனை கருகலாம் என்பதனால் இதனை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

சட்ட அடிப்படை

உத்தரவாத அட்டை இல்லாதபோதும் வாங்கியவருக்குச் சில உரிமைகள் உள்ளன. பொருள் விற்பனைச் சட்டம், 1930 இன் 16 ஆம் பிரிவு, பொருள் அதன் நோக்கத்துக்கு ஏற்றதாகவும் விற்பனைக்குரிய தரமுடையதாகவும் இருக்க வேண்டும் என்னும் உட்கிடையான நிபந்தனைகளைக் குறிப்பிடுகின்றது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ஆனது 1986 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2020 சூலையில் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, இச்சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகும். பற்றுச்சீட்டில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிடின் 30 நாட்களுக்குள்ளும் இதனைச் செய்தல் வேண்டும். எனவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" எனப் பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பது குறைபாடுள்ள பொருளைப் பொறுத்தவரை செல்லத்தக்கதன்று. பற்றுச்சீட்டு தராமையும் நேர்மையற்ற வணிக நடைமுறையே.

மின்பணியாளர் அல்லது வேறொருவர் வாங்கித் தந்த பொருளாயினும், வாங்கியவரின் ஒப்புதலுடன் பயன்படுத்துபவர் நுகர்வோராகக் கருதப்படுவார். மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகார்.

பழுதான பொருத்துவாயினால் ஒருவருக்குக் காயமோ பிற உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால், பொருள் பொறுப்பு என்னும் அடிப்படையில் இழப்பீடு கோரலாம். பொருத்துவாயின் சொந்தச் சேதம் இதில் அடங்காது. அது பொருளின் குறைபாடு என்ற வகையில் தனியாகக் கோரப்படும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்பனையாளருக்கு எதிராக இக்கோரிக்கையை எழுப்ப இயலாது.

திருப்பிக் கொடுக்கும் முறை

# குறித்த சுற்றின் மின்முறிப்பானை (எம்.சி.பி) அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்தல் வேண்டும்.
# கழற்றும் முன்பும் பின்பும் முன்புறம், பின்புறம், கம்பி இணைப்பு ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்தல் நன்று.
# தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு கழற்றி, கம்பி முனைகளைக் காப்பிட வேண்டும். வெறுமையான கம்பிகளைச் சுவரில் விட்டுவைத்தல் ஆபத்தானது.
# பொருத்துவாயைப் பிரித்துப் பழுதுபார்க்கக் கூடாது. பிரித்த பொருளை மாற்றித் தர மறுக்கும் நிபந்தனை உண்டு.
# பற்றுச்சீட்டின் படியுடன் கடையிலோ உற்பத்தியாளரின் சேவை மையத்திலோ ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்று பெற வேண்டும்.

உத்தரவாதக் காலம் பெரும்பாலும் பொருத்திய நாளிலிருந்தன்றி வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றது. புதிய வீடு கட்டுவோர் முன்கூட்டியே வாங்கி வைப்பதனால், குடிபுகும் முன்னரே காலத்தின் ஒரு பகுதி கழிந்துவிடுவதுண்டு. மாற்றிப் பொருத்துவதற்கான கூலியைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை.

முறையீடு

கடையும் உற்பத்தியாளரும் மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகலாம். அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். முறையிடுபவர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே இதனைச் செய்யலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

குறைபாட்டை ஆய்வின்றி அறிய இயலாத நிலையில், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வுக் கட்டணத்தை முறையிடுபவர் முதலில் செலுத்த வேண்டும். இதன் பொருட்டுப் பழுதான பொருத்துவாயைப் பாதுகாத்து வைத்திருத்தல் இன்றியமையாதது. எழுத்துச் சான்றின்றி அதனைக் கடையில் விட்டுவிடுபவர் தம் முதன்மையான சான்றை இழக்க நேரிடும். குறைபாடு உறுதியானால் பொருளை மாற்றித் தரவோ, பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவோ, இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம்.

ஐ.எஸ்.ஐ முத்திரை பெற்ற பொருள் தரத்துக்கு ஒவ்வாததாக இருப்பின் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடமும் முறையிடலாம். 2016 ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின்படி, அத்தகைய பொருட்களின் விற்பனையை நிறுத்தவும் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் அமைவனம் பணிக்கலாம். இதனால் ஒருவரின் முறையீடு, அதே பொருளை வாங்கிய பிறருக்கும் பாதுகாப்பளிக்கக் கூடியது.

இவற்றையும் பார்க்கவும்

* மின்முறிப்பான்
* நிலத்தொடுப்பு
* நுகர்வோர் உரிமைகள்