அசெம்பிள் செய்த கணினிகளில் நினைவகப் பிழை

ராமில் எழுதிய தரவு திரும்பப் படிக்கும்போது மாறியிருந்தால் அது நினைவகப் பிழை. ராமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த நுண்ணறையில் மின்னூட்டமாக நிற்கிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் ஒவ்வோர் அறையையும் பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒரு பிட் புரண்டாலே பொருள் மாறிவிடும். யூனிகோடில் ‘ம’வுக்கும் ‘ய’வுக்கும் ஒரே பிட்தான் வேறுபாடு; ‘மானை’ என்று சேமித்தது ‘யானை’ என்று திரும்பி வரும்.

நீலத்திரை வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயர். நேற்று விரிந்த ஜிப் கோப்பு இன்று விரிய மறுக்கிறது. விண்டோஸ் நிறுவல் பாதியில் நிற்கிறது. இப்படி நிலையில்லாமல் அலைக்கழித்தால் முதலில் ராமைத்தான் சந்தேகிக்க வேண்டும். பவர் சப்ளையும் பிராசசரும்கூட இதே தொல்லையைத் தரும் என்பதால், சோதிக்காமல் புது ராம் வாங்குவது வீண் செலவு.

பலரும் கவனிக்காத காரணம், ராமைத் தர வேகத்துக்கு மேல் ஓட்டும் பயாஸ் அமைப்பான எக்ஸ்எம்பி. டிடிஆர்4 ராமின் தர மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் 3600 என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் கிடைக்கும் வேகம், அதாவது ஓவர்கிளாக். ஆகவே பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துப் பாருங்கள். ஏஎம்டி டிடிஆர்5 பலகைகளில் அதன் பெயர் எக்ஸ்போ. அணைத்ததும் பிழை நின்றால் ராம் பழுதாகியிருக்க வேண்டியதில்லை. ஒரு படி குறைந்த வேகத்தில் நன்றாக ஓடக்கூடும்.

அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி மாட்ட வேண்டும். பிடி ‘டக்’கென்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் இரண்டு ராம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது.

பிறகு மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யுஎஸ்பியிலிருந்து இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது தோல்விதான். விண்டோஸின் சொந்தச் சோதனை இவ்வளவு கடுமையானதல்ல. அதில் தேறியதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. பிழை வந்தால் ஒரு ராமை மட்டும் ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்து, அடுத்ததையும் அதே ஸ்லாட்டில் சோதிக்க வேண்டும். ஒரு ராமில் மட்டும் பிழை வந்தால் பழுது அந்த ராமில். எந்த ராமை வைத்தாலும் அதே ஸ்லாட்டில் வந்தால் மதர்போர்டையோ பிராசசர் உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டையோ பார்க்க வேண்டும்.

கூகுள் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ராம்களில் பிழை கண்டது. பிழையைக் கண்டுபிடிக்கும் ஈசிசி வசதி அவற்றில் இருந்ததால் அது தெரியவந்தது. வீட்டுக் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் காவல் இல்லை. டிடிஆர்5 சில்லுக்குள் இருக்கும் திருத்தமும் பிராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையைப் பிடிக்காது.

நீலத்திரையைவிடப் பெரிய ஆபத்து, கெட்ட தரவு சத்தமில்லாமல் டிஸ்கில் எழுதப்படுவது. குடும்பப் படங்களின் பழைய பேக்கப் மேல் புதியதை எழுதிவிடாதீர்கள். சோதனை சுத்தமாக முடியும்வரை விண்டோஸை மறுபடி நிறுவவும் வேண்டாம். விண்டோஸ் கோப்புகளும் அதே ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகும்.