குளிரில் பாடம், கோடையில் பட்டறை

மாணவ நண்பர்களே, விடுமுறையில் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று சில வாரங்கள் வேலை பழகும் வழக்கம் இன்று நம் கல்லூரிகளில் பரவியிருக்கிறது. ‘இன்டர்ன்ஷிப்’ என்று அதற்குப் பெயர் சொல்லுகிறீர்கள். அது நேற்று முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் வேரூன்றி, கடல் கடந்து ஜப்பானில் கனி கொடுத்த வரலாறு ஒன்று அதற்கு உண்டு.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் வகுப்புகள் நவம்பரில் தொடங்கி, குளிர்காலம் கழிந்து வசந்தம் வந்ததும் முடிந்துவிடும். பின்னர் நெடிய கோடை விடுமுறை. பொறியியல் மாணவர் பலர் அம்மாதங்களில் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்களிலும் இயந்திரப் பட்டறைகளிலும் கைத்தொழில் பழகினர். குளிரில் பாடம், கோடையில் பட்டறை என்பதே அவர்கள் ஆண்டுக் கணக்கு.

அங்கே பயின்ற ஹென்றி டையர் என்பவர், 1873ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயதில், ஜப்பானிய அரசு டோக்கியோவில் நிறுவிய பொறியியற் கல்லூரிக்கு முதல்வராகச் சென்றார். அக்கல்லூரி தோன்றப் பாடுபட்ட யமாவோ யோஸோவும் கிளாஸ்கோவை அறிந்தவரே; பகலில் நேப்பியர் கப்பல் தளத்தில் உழைத்து, மாலையில் வகுப்புக்குச் சென்றவர். டையர் வகுத்த படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் இரண்டும் முழுக்கக் கல்லூரியில். அடுத்த இரண்டில் ஆண்டுக்கு ஆறு மாதம் கல்லூரி, ஆறு மாதம் தொழிற்களம். கடைசி இரண்டும் முழுக்கத் தொழிற்களத்தில். விடுமுறை வழக்கமாக இருந்ததை அவர் பாடத்திட்டமாகவே ஆக்கிவிட்டார்.

இதன் அருமை ஆசிரியத் தொழில் பயின்ற எனக்கு நன்கு விளங்கும். குழந்தை உளவியலைப் புத்தகத்தில் படித்த நாங்கள், நாற்பது பிள்ளைகள் அமர்ந்த உண்மையான வகுப்பின் முன் நிறுத்தப்பட்ட பின்னரே ஆசிரியரானோம்.

அக்கல்லூரி மாணவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறியபின், பழம்பெரும் கியோத்தோ நகரம் பொலிவிழந்தது. மலைக்கு அப்பால் பீவா ஏரி நிறைந்து கிடந்தது. அதன் நீரை நகருக்குக் கொண்டுவர இயலுமா என்பது கேள்வி. 1881இல் தனபே சக்குரோ என்ற மாணவர் அக்கேள்வியோடு கியோத்தோ சென்று, மலையையும் நிலத்தையும் அளந்தார். வேலையில் வலக்கை விரல் காயமுற்றது. ஆயினும் அவர் விடவில்லை. இடக்கையால் எழுதித் தம் பட்டப் படிப்புக் கட்டுரையை முடித்தார்.

1883இல் பட்டம் பெற்றவுடன், மாகாண ஆளுநர் கிதகாகி குனிமிச்சி அவரையே அவ்வேலைக்கு அமர்த்தினார். இருபத்தொரு வயது இளைஞரிடம் ஒரு நகரத்தின் எதிர்காலம்! ஆளுநரின் துணிவை நான் இன்றும் வியக்கிறேன். 1885இல் பணி தொடங்கியது. அயல்நாட்டுப் பொறியாளர் எவருமில்லை. முதல் சுரங்க வழி மட்டும் 2,400 மீட்டருக்கு மேல் நீளம்; விரைவாகத் தோண்டுவதற்காக, மலைமேலிருந்து கிணறுபோல் செங்குத்தாக இறங்கி, நடுவிலிருந்தும் இருபுறமும் குடைந்தனர். 1890இல் ஏரிநீர் கியோத்தோவை அடைந்தது. மறு ஆண்டு அந்நீரினின்றே மின்சாரம் பிறந்தது. 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் வண்டி அந்நகரத் தெருக்களில் ஓடியது. கியோத்தோ மக்கள் இன்றும் பருகுவது பீவா ஏரியின் நீரையே.

சான்றிதழ் ஒன்று பெறுவதற்காக மட்டும் விடுமுறையில் ஓர் அலுவலகத்துக்குப் போய், மூலையிலே நாற்காலியில் அமர்ந்துவிட்டு வரும் மாணவர்களை நான் அறிவேன். பிழை அவர்களுடையது மட்டுமன்று. கேள்வி எதுவும் கொடாமல் அனுப்புகிற நாமும், வேலை எதுவும் கொடாமல் அமர்த்துகிற அவர்களும் அதில் பங்காளிகள். தனபேயின் கையில் அளப்பதற்கு ஒரு மலை இருந்தது. விடை வேண்டிக் காத்திருந்தது ஒரு நகரம்.

இன்னும் ஒன்று. கால்வாய்ப் பணியில் உயிரிழந்த பதினேழு பேருக்காக, 1902இல் தனபே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஒரு நினைவுக்கல் நாட்டினார். கியோத்தோவின் கெஆகே பகுதியில், கால்வாய் நகருக்குள் இறங்குமிடத்தருகே அக்கல் நிற்கிறது.