ஓவர்க்ளாக் பண்ணா கேம் பறக்குமா? பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"கேம் திணறுதா? ப்ராசஸரை ஓவர்க்ளாக் பண்ணிடு மச்சி!" - கேமிங் பிசி வெச்சிருக்கிற எல்லாருக்கும் இப்படி அட்வைஸ் கொடுக்க ஒரு நண்பர் இருப்பார். அவர் சொல்றதுல பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காம இறங்கினா, எஃப்பிஎஸ் ஏறுதோ இல்லையோ, ஃபேன் சத்தம் நிச்சயம் ஏறும்.

விஷயம் சிம்பிள்தான். மதர்போர்டு கொடுக்கிற அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை மல்டிப்ளையர்ங்கிற எண்ணால பெருக்கினா கிடைக்கிறதுதான் ப்ராசஸரோட வேகம். மல்டிப்ளையர் 50-னா 5 கிகாஹெர்ட்ஸ், 52-னா 5.2. கம்பெனி வெச்ச எண்ணைத் தாண்டி ஏத்துறதுதான் ஓவர்க்ளாக்கிங்.

ஒரு காலத்துல இது லாட்டரி மாதிரி. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாத்தினா, பலருக்கும் அது 450-ல் ஓடியது. 50 சதவிகித வேகம், இலவசமா! இப்போ வர்ற சிப்கள், சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற வரைக்கும் தானாவே வேகத்தை ஏத்திக்குது. பாக்ஸ்ல 'டர்போ', 'பூஸ்ட்'னு போட்டிருக்கிறது அதுதான். நாம பிழிஞ்சு எடுக்க மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான்.

அதனால முதல்ல குற்றவாளி யாருன்னு கண்டுபிடிங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டுட்டு கேம் ஆடுங்க. கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவிகிதம்னு காட்டுச்சுன்னா, திணறுறது அதுதான். ப்ராசஸரை எவ்வளவு முறுக்கினாலும் பெருசா எதுவும் மாறாது. இன்னொரு டெஸ்ட்: கேம்ல ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. எஃப்பிஎஸ் லிமிட்டும் வி-சிங்க்கும் ஆஃப்ல இருந்தும் எஃப்பிஎஸ் ஏறலையா? அப்போ சந்தேகம் ப்ராசஸர் பக்கம். 'சிபியு 40 சதவிகிதம்தானே ஓடுது'ன்னு ஏமாந்துடாதீங்க. அது எல்லா கோரும் சேர்ந்த சராசரி. ஒரே ஒரு கோர் மூச்சு முட்டினாலும் கேம் திணறும்.

ப்ராசஸர்தான் பிரச்னைன்னு உறுதியாச்சுன்னா, உங்க சிப் அனுமதிக்குமான்னு பார்க்கணும். இன்டெல்லில் பேர் கடைசியில 'கே' இருக்கணும், கூடவே இசட் சீரிஸ் மதர்போர்டு வேணும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான சிப்கள் திறந்தே இருக்கும். ஆனா ஏ520 போர்டுல முடியாது. கேமர்ஸ் கொண்டாடின 5800எக்ஸ்3டி-யில் மல்டிப்ளையரைப் பூட்டித்தான் வித்தாங்க.

அடுத்து சூடு. சிப் இழுக்கிற மின்சாரம் வேகத்தோட மட்டும் ஏறுறதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோட ஏறும். வேகத்தை 10 சதவிகிதம் கூட்டி, அதுக்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.35-க்குக் கொண்டுபோனா, மின்சாரம் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் கூடும். அவ்வளவும் சூடாத்தான் வெளியே வரும். ஏசி ரூம்ல 24 டிகிரியில டெஸ்ட் பண்ணி பாஸான செட்டிங், மே மாசம் ஏசி இல்லாத 38 டிகிரி ரூம்ல இன்னும் 14 டிகிரி மேல ஓடும். 95, 100 டிகிரியைத் தொட்டா சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். யூடியூப்ல பார்த்த வெளிநாட்டுக்காரர் செட்டிங்கை அப்படியே காப்பி அடிக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

இதையும் மீறி ஆசையா? முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்க. நிலையில்லாத ஓவர்க்ளாக், டேட்டாவையும் கெடுக்கும். பயாஸை அப்டேட் பண்ணுங்க. இன்டெல் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிப் வெச்சிருந்தா இது கட்டாயம். அதிக வோல்டேஜால சிப்கள் பாழாகி, 2024-ல் இன்டெல் அதுக்குத் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியையும் 2 வருஷம் நீட்டிச்சது. பிறகு ஒரு தடவைக்கு 100 மெகாஹெர்ட்ஸ்தான். ஒவ்வொரு முறையும் சினிபென்ச் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோல சூட்டைப் பார்த்து, ஒரு மணி நேரம் கேம் ஆடுங்க. நீலத்திரை வந்தா ஒரு படி இறங்குங்க. பிசி ஆன் ஆகவே இல்லைன்னா, சிமாஸ் ரீசெட் பண்ணா பழைய நிலைக்கு வந்துடும். ஓவர்க்ளாக்கால சிப் கெட்டா, வழக்கமான வாரன்டி கைகொடுக்காது.

உண்மையைச் சொன்னா, நிறைய பேருக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 6000 வேகம்னு காசு கொடுத்து வாங்கின டிடிஆர்5 ராம், பயாஸ்ல எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் பண்ணாததால 4800-லேயே ஓடிட்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜர்ல, மெமரி பக்கத்துல 'ஸ்பீடு'ன்னு இருக்கும். இன்னிக்கே பார்த்துடுங்க.