கடிகாரம் உள்ள படமும் இல்லாத படமும்

ஒகேனக்கல்லில் காவிரி பாறை விளிம்பைத் தாண்டி வளைந்து விழுவதைக் கைப்பேசியில் ஒரே சொடுக்கில் எடுத்த படம் ஒன்று. அமெரிக்காவில் 1960இல் வெளிவந்த பி.எஸ்.எஸ்.சி. இயற்பியல் பாடநூலின் படம் மற்றொன்று. இதில் இரண்டு கோல்ஃப் பந்துகள். ஒன்றைச் சும்மா கீழே விடுகிறார்கள். அதே கணத்தில் மற்றதைக் கிடைமட்டமாக எறிகிறார்கள். 1/30 நொடிக்கொருமுறை விளக்கு மின்னுகிறது, எல்லாம் ஒரே படத்தில் பதிகின்றன. எறிந்த பந்து, அருவி இரண்டும் வரைவது பரவளையம்தான். ஆனால் ஒன்று சொல்வதில் பாதியைத்தான் மற்றது சொல்கிறது.

பந்துப் படத்தில் பின்னால் 15 செ.மீ. இடைவெளியில் கட்டிய நூல்களே அளவுகோல், மின்னல்களே கடிகாரம். எறிந்த பந்தின் பக்கவாட்டு இடைவெளிகள் சமம். கீழ்நோக்கிய இடைவெளி ஒவ்வொன்றும் முந்தையதைவிட 1.09 செ.மீ. கூடுதல். அதை 1/30இன் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீ/நொடி² வந்துவிடும். பந்து விழத் தொடங்கிய கணத்திலேயே முதல் மின்னல் பட்டதா என்று கவலைப்பட வேண்டாம். அந்தக் கூடுதல் மாறாது. இரு பந்தும் சமமாக இறங்குவதைத்தான் வகுப்பில் வியப்பார்கள். எனக்கு இந்த மாறாத கூடுதல்தான் பெரிதாகத் தெரிகிறது.

அருவிக்குப் பல மின்னல் வேண்டியதில்லை. முன்னே போன துளியின் வழியிலேயே பின்துளியும் போவதால் ஒரே சொடுக்கில் முழுப் பாதையும் கிடைக்கிறது. எந்தத் துளி எப்போது விளிம்பை விட்டது என்பதுதான் இல்லை. 20 மீட்டர் விழும் நீர் விளிம்பிலிருந்து 4 மீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு தெரிந்திருந்தால் விழும் நேரம் 2 நொடி, புறப்பட்ட வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று சொல்லலாம். தெரியாவிட்டால் முடியாது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கான நிலவில், 0.8 மீட்டர் வேகத்தில் புறப்படும் நீரும் அச்சு அசலாக இதே வளைவைத்தான் வரையும்.

கடிகாரத்தைச் சேர்க்க வழியுண்டு. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு நுரைத்திரளைப் பின்தொடர்ந்து, எட்டுக்கு ஒன்றாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அதே 1/30 நொடி. பிரான்சில் மாரே என்ற உடலியலாளர் 1882இல் துளையிட்ட சுழல்தட்டைக் கொண்டு ஒரே கண்ணாடித் தகட்டில் செய்ததும் இதைத்தான். அளவுகோலில்தான் சறுக்கும். முன்னால் போகும் பரிசலை அளந்து வைத்துக்கொள்ளலாமென்று தோன்றும். ஆனால் பரிசல் அருவியைவிட நமக்கு அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும், கணக்கு கெடும். அருவி விழும் பாறையிலேயே உயரம் தெரிந்த இரு புள்ளிகள் வேண்டும்.

இன்னொரு வேறுபாடு காற்று. ஓரிரு மீட்டர் விழும் கோல்ஃப் பந்துக்கு அது பொருட்டே இல்லை. அருவியின் நடுவே திரளாக இறங்கும் நீர் அடியில் நொடிக்கு 20 மீட்டரை நெருங்கலாம்; அடுக்கிய படத்தில் இடைவெளி 60 செ.மீ.க்கு மேல். ஓரத்தில் சிதறும் 2 மி.மீ. துளியோ அசையாத காற்றில் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் நிலைத்துவிடும். அருவி காற்றையும் கீழே இழுப்பதால் சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். அந்தத் துளிகளின் இடைவெளிகள் கூடிக்கொண்டே போகாமல் 22 செ.மீ.யை ஒட்டிச் சமமாகிவிடும்.